உலகியல் இழிந்ததா?

ஆங்கிலத்தில் 'மண்டேன்' என்றொரு சொல் உண்டு. உலகைக் குறிக்கும் 'முண்டுஸ்' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்தது. விண்ணுலகைச் சாராது இவ்வுலகைச் சார்ந்தது என்பதே அதன் முதற்பொருள். நாளடைவில், 'நாள்தோறும் நிகழ்வதால் சுவையற்றது, சலிப்பூட்டுவது' என்னும் பொருளே பெருவழக்காயிற்று. வியப்பு யாதெனில், இலத்தீனில் 'முண்டுஸ்' என்பதற்கு அணி என்ற பொருளும் உண்டு. அணியைக் குறித்த சொல்லின் வழித்தோன்றல் சலிப்பைக் குறிக்கலாயிற்று.

நம் இல்லங்களில் வழங்கும் 'உலகியல்', 'லௌகிகம்' என்னும் சொற்களுக்கும் இந்நிலை நேர்ந்துள்ளது. சமையலையும் வீட்டு வேலையையும் வெறும் லௌகிகம் என்று இகழ்வோர் ஒரு சாரார். அளவையிலும் விலையிலும் பொய் கலந்துவிட்டு, 'உலகியல் அப்படித்தான்' என்று அமைதி கூறுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் அறத்தைக் கோயிலோடு நிறுத்திவிடுகின்றனர்.

நம் ஆகமம் உலகத்தை இழித்துக் கூறவில்லை. ஆறு திரவியங்களும் உறையும் இடமே உலகம். வினை நீங்கிய சித்த பரமேட்டிகளும் உலகின் உச்சியிலேயே விளங்குகின்றனர். அதற்கு அப்பால் இருப்பது வெறும் ஆகாயமே. எனவே உலகில் இருத்தல் கட்டாகாது. வினைவயப்பட்டுப் பிறவிதோறும் சுழல்வதே சம்சாரம். உலகம் வேறு, சம்சாரம் வேறு என்னும் இவ்வேறுபாட்டை அந்த ஆங்கிலச் சொல் காட்டாது.

அங்ஙனமாயின் துறவறம் எதற்கு என்று கேட்கலாம். மகாவிரதம் பூண்ட முனிவர் நிலை உயர்ந்ததே, அதில் ஐயமில்லை. உழுதல், சமைத்தல், பெருக்குதல் ஆகியவற்றால் உயிர்களுக்கு ஊறு நேர்வதும் உண்மையே. இல்லறத்தார் அதனை முற்றும் விலக்க இயலாது; எண்ணிச் செய்யும் கொலையை அறவே நீக்கி, ஏனையவற்றைக் குறைப்பதே நம் அணுவிரதம்.

இங்கேதான் சலிப்பு பகையாகிறது. மறதியோடும் சோர்வோடும் இயங்கி உயிரை ஊறுபடுத்துதலே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. அச்சோர்வையே பிரமாதம் என்பர். சலித்த வேலையில் கருத்து ஊன்றுவதில்லை. அரிசியில் ஊரும் புழு கண்ணில் படுவதில்லை. நீர் வடிகட்டும் துணி நைந்ததும் தெரிவதில்லை. அத்துணியில் தங்கிய சிற்றுயிர்களை நீர் எடுத்த இடத்திலேயே சேர்த்தனர் நம் முன்னோர். இயந்திரம் நீரைத் தூய்மை செய்து தரும் இந்நாளில், நம் உடல்நலம் ஒன்றே நினைவில் நிற்கிறது. அவ்வுயிர்களின் நினைவு அகன்றுவிட்டது.

மோகமுடைய முனிவரினும் மோகமற்ற இல்லறத்தார் மேலானவர் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அருளினார். அவ்வுயர்வு எய்துதற்கு நமக்கு வாய்த்த களம் அடுக்களையும் கழனியும் கடையுமே. நாள்தோறும் செய்வது என்பதனாலேயே ஒரு செயல் சிறியதாகிவிடாது. நாள்தோறும் விழிப்புடன் செய்ய வேண்டியது என்பதே அதன் பொருள். இளையோர்க்கு 'உலகியல்' என்னும் சொல்லை நாம் இப்பொருளிலேயே கற்பிப்போமாக.