சூட்டை என்ன செய்வது?

சினம் ஆற வேண்டிய ஒன்று என்பது ஔவையின் ஆத்திசூடி. அதையே பழகிக்கொள் என்பது பாரதியின் புதிய ஆத்திசூடி. இரண்டையும் ஒரே பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, எது சரி என்று கேட்காமலே வளர்ந்துவிடுகிறோம். ஆனால் கேள்வி பெரியது. மனிதனுக்குள் எழும் வெப்பம், அது சினமாக இருக்கட்டும், வேட்கையாக இருக்கட்டும், ஒன்றை அடைந்தே தீருவேன் என்ற வைராக்கியமாக இருக்கட்டும், ஆன்மிக வாழ்வில் அணைக்கப்பட வேண்டியதா? அணைக்கத்தான் வேண்டும் என்பதே நாம் வழக்கமாகக் கேட்கும் பதில். சாந்தம் என்றால் உள்ளே எதுவும் எரியாத நிலை என்று சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெப்பம் அணைக்கப்பட வேண்டியதில்லை, கடத்தப்பட வேண்டியது என்பதே என் வாதம். அதற்கு இரண்டு சான்றுகள் சிவகிரிப் பக்கமே கிடைக்கின்றன. ஒன்று, ராஜபாளையத்திலிருந்து சிவகிரி, புளியங்குடி, தென்காசி வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ஓடும் பைக்குகளின் இன்ஜின். மற்றொன்று சங்கரன்கோவில்.

முதலில் இன்ஜின். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மற்றதில் பெரும்பகுதி வெறும் சூடாகவே வெளியேறுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் ஒரு கணம் 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியக் கலவையோ 660 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். அப்படியும் அது ஆண்டுக்கணக்கில் உருகாமல் ஓடுகிறது என்றால், சூடு ஓரிடத்தில் தங்காமல் ஓடிக்கொண்டே இருப்பதுதான் காரணம். சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்கள் சூட்டைக் காற்றிடம் கொடுக்கின்றன. காற்று எட்டாத பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கும் பேரிங்குகளுக்கும் ஆயில் போய்ச் சூட்டை வாங்கி வருகிறது. நம் ஊர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் அதே ஆயில்தான் கியர்களுக்கும் கிளட்சுக்கும் சேர்த்து உழைக்கிறது. நெடுந்தூரம் போகிறவர்களுக்காக வந்த வண்டிகளில், 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 போன்றவற்றில், இதற்கென்றே தனியாக ஆயில் கூலர் வைத்தார்கள். ஆயில் அளவுமீறிச் சூடானால் நீர்த்துப்போகும்; உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே அது விரித்து வைத்திருக்கும் மெல்லிய படலம் அறும். ஆயில் கெட்டுப்போகும் வேகமும், பத்துப் பத்து டிகிரி கூடக்கூட, ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

இதுவரை சொன்னது வெப்பம் பகை என்பதற்குச் சாதகமாகத்தான் தெரியும். ஆனால் குளிர்ந்தே கிடக்கும் இன்ஜினும் கெடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் கலக்கிறது. ஆயில் போதிய சூடேறி, நூறு டிகிரியை ஒட்டி நின்று ஓடினால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். கடைக்கும் வீட்டுக்குமாக ஒரு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது ஒருநாளும் நடக்காது. ஆயில் மூடியைத் திறந்தால் வெளுத்த குழம்பாக அடைந்திருக்கும். ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-50 என்று போட்டிருக்கிறதே, அதில் இரண்டாவது எண்ணுக்கான பிசுக்குத்தன்மையை அளப்பதே நூறு டிகிரி வெப்பத்தில்தான். சூடாக இருப்பதையே இயல்பு நிலையாக வைத்து அந்த ஆயிலைத் தயாரித்திருக்கிறார்கள். தண்ணீரால் குளிரும் இன்ஜின்களில் உள்ள தெர்மோஸ்டாட்டும் இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடியே வைத்திருக்கிறது. குளிர்விக்க என்று வைத்த அமைப்பே, முதலில் சூடாகட்டும் என்று காத்திருக்கிறது.

சாலையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சித்திரை வெயிலில் வாசுதேவநல்லூர்ச் சமவெளியில் சீரான வேகத்தில் போகும் பைக் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காற்று முகத்தில் மோதிக்கொண்டே இருக்கிறது. அதே பைக் ஆனி ஆடிச் சாரலில், இருவர் பாரத்தோடும் மூட்டையோடும், செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவுகளில் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போதுதான் அதிகம் தவிக்கும். வெளியே குளிர், உள்ளே கொதிப்பு. ஏற்றம் கூட இல்லாமல், நெரிசலில் நின்றபடி ஆக்சிலரேட்டரை உறுமவிட்டுக்கொண்டிருப்பது அதைவிட மோசம். அங்கே எரிவதில் ஒரு துளிகூட வேலையாக மாறுவதில்லை, எல்லாம் சூடுதான். ஆக, இன்ஜினை வதைப்பது வெயில் மட்டுமல்ல. எரிவதற்கும் ஓடுவதற்கும் உள்ள பொருத்தம் குலைவதே பெரிய வதை.

இப்போது சங்கரன்கோவில். கோமதி அம்மன் புன்னைவனத்தில் ஒற்றைக்காலில் நின்று தவமிருந்து, சிவனையும் திருமாலையும் ஒரே திருமேனியில் காட்டும்படி வேண்டினாள் என்பது தலபுராணம். ஆண்டுதோறும் ஆடித்தபசு விழா அதைத்தான் கொண்டாடுகிறது. தவம் என்றாலே நம் மரபில் உள்ளே மூட்டிய கனல். அம்மன் அந்தக் கனலை அணைத்துவிட்டுக் காட்சி பெறவில்லை. அதில் நின்றே பெற்றாள். கிடைத்த காட்சியும் பாதி சிவன், பாதி திருமால்: சாம்பல் பூசி நெற்றியில் நெருப்பைச் சுமப்பவரும் பாற்கடலில் பள்ளிகொள்பவரும் ஒரே உடம்பில். சங்கரநாராயணர் சந்நிதியில் திருநீறும் தருகிறார்கள், துளசித் தீர்த்தமும் தருகிறார்கள். சைவ வைணவச் சண்டையைத் தீர்க்க எழுந்த கதையல்லவா இது, சங்கன் பதுமன் என்ற நாக அரசர்கள் யார் கடவுள் பெரியவர் என்று வாதிட்ட கதையல்லவா, இதில் வெப்ப தத்துவம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கதையின் வரலாற்று நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் சண்டையைத் தீர்க்க அந்த மரபு தேர்ந்தெடுத்த வழியைப் பாருங்கள். ஒருவரைப் பெரியவராக்கி மற்றவரைச் சிறியவராக்கவில்லை, நெருப்பைக் குளிரால் வெல்லவும் இல்லை. இரண்டையும் உயிரோடு ஒரே திருமேனியில் வைத்தது. என் வாதத்துக்கு அது போதும்.

வலுவான மறுப்பு புத்தரிடமிருந்து வருகிறது. கயையில், முன்பு வேள்வித் தீ வளர்த்துவந்த சடாமுடித் துறவியர் ஆயிரம் பேரிடம், கண்ணும் காதும் மனமும் யாவும் எரிகின்றன என்று அவர் சொன்னார். அவர் காட்டிய விடுதலை அந்தத் தீ அவிவது. இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் எந்தத் தீ என்றும் அவரே சொல்லியிருக்கிறார்: பற்று, வெறுப்பு, மயக்கம். முயற்சியை அவர் அணைக்கச் சொல்லவில்லை. எண்வகை மார்க்கத்தில் நல்முயற்சிக்குத் தனி இடமே உண்டு. ஞானம் பெற்ற பின்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து போதித்தவரைக் குளிர்ந்து கிடந்தவர் என்று யாரால் சொல்ல முடியும்? இயந்திரத்துக்கு மனமில்லை, அதை வைத்து மனிதனைப் பற்றி எப்படி முடிவு செய்வது என்பது இன்னொரு மறுப்பு. இயந்திரத்தை வைத்து நான் மனிதனைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. வெப்பம் இருந்தால் சேதமும் இருந்தே தீரும் என்ற எண்ணத்தை மட்டும் அது பொய்யாக்குகிறது. அந்த எண்ணம் விழுந்தால், அணைப்பது ஒன்றே வழி என்ற முடிவும் சேர்ந்து விழுகிறது.

காந்தி 1920இல் யங் இந்தியாவில், சேமித்து வைத்த வெப்பம் ஆற்றலாவது போல அடக்கிய கோபமும் பெரும் ஆற்றலாகும் என்று எழுதினார். நான் சொல்வதற்கு மிக நெருங்கிய கருத்து. ஆயினும் ஓரிடத்தில் விலக வேண்டியிருக்கிறது. எந்த இன்ஜினும் எரிந்த வெப்பத்தை முழுதாகச் சேமித்து வேலையாக்கியதில்லை. பெரும்பங்கை யாருக்கும் கேடில்லாமல் வெளியே விட்டால்தான் மீதி சக்கரத்தைச் சுற்றும். கோபத்தை முழுக்க உள்ளே பூட்டிக்கொண்டு அதைப் பொறுமை என்று சொல்பவர்கள் ஒருநாள் வெடிப்பதும், வெடிக்காதவர்கள் உடம்பில் நோயாக அதைச் சுமப்பதும் நாம் பார்ப்பதே. காந்தியின் வாழ்க்கை அவர் எழுதியதைவிடச் சரியாக இருந்தது என்று நினைக்கிறேன். நாள்தோறும் ராட்டை, நடை, பிரார்த்தனை, கட்டுக்கட்டாகக் கடிதங்கள் என்று வெளியேறும் வழிகள் அவருக்கு ஏராளமாக இருந்தன.

கடைசியாக ஒரு கேள்வி. என்னைத் தயங்க வைப்பது இதுதான். என் கோபம் அளவானது, நியாயமானது என்று சொல்லாத கோபக்காரர் உண்டா? அளப்பது யார்? ஆயில் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் கிடையாது. கியர் விழுவது கடினமாவது, டேப்பெட் சத்தம் கூடுவது, இழுவை குறைவது என்று அறிகுறிகள்தான் உண்டு. அவையும் வெறியோடு ஓட்டுகிறவன் காதில் விழாது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் கேட்கும். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் தங்கள் விரதத்தைத் தாங்களே அளந்துகொள்ளாமல், ஒரு குருசாமியின் கீழ் நாற்பத்தொரு நாள் இருப்பதன் நியாயம் இங்கேதான் புரிகிறது. தன் சூடு தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட மரபு அது. மாலை போடாத நாட்களில் நமக்குக் குருசாமி இல்லை. ஆகவே கணவனோ மனைவியோ, அக்காவோ நண்பனோ, "போதும், நிறுத்து" என்று முகத்துக்கு நேரே சொல்லும் உரிமையை ஒருவருக்காவது கொடுத்து வையுங்கள். அவர் சொல்லும்போது ஏன் என்று கேட்காமல் ஓரமாக நிறுத்துங்கள்.