ஏவலும் ஐயமும்: செயற்கை நுண்ணறிவுக் காலத்து வணிக நிறுவனம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மேலோர் இட்ட ஏவலைக் கீழோர் ஆராயாது நிறைவேற்றுதல் அறமாகுமா என்னும் வினா பழமையானது. போர்க்களத்தையும் அரசவையையும் நிலைக்களனாகக் கொண்டே அறிஞர் அதனைப் பெரிதும் ஆராய்ந்து வந்தனர். வணிக நிறுவனமொன்றின் கணக்குப் பகுதியில் அமர்ந்து கொடுப்பனவுகளை அனுப்பும் எழுதுவினைஞர் ஒருவருக்கும் அவ்வினா உரியது என எவரும் அதிகம் எண்ணியதில்லை. செயற்கை நுண்ணறிவு இன்று அதனை அவருடைய மேசைக்கே கொண்டுவந்து சேர்த்துள்ளது. ஏவல் நேரியதுதானா என்று முன்னர் கேட்டோம். இப்பொழுது அதற்கும் முன்னதாக, ஏவியவர் அவர்தாமா என்று கேட்க வேண்டியுள்ளது. இந்த இரண்டாவது வினாவை எழுப்பும் உரிமை ஒரு நிறுவனத்தில் யாருக்கு உண்டு என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஹொங்கொங் நிகழ்ச்சியிலிருந்து தொடங்கலாம். சிட்னி ஒப்பெரா மாளிகையின் கட்டமைப்பை வகுத்த ஆரப் என்னும் பிரித்தானியப் பொறியியல் நிறுவனம் ஹொங்கொங்கிலும் அலுவலகம் கொண்டுள்ளது. அங்கு பணிபுரிந்த ஊழியர் ஒருவருக்கு, பிரித்தானியாவிலுள்ள பிரதம நிதி அலுவலரிடமிருந்து வந்ததுபோல் ஒரு செய்தி வந்தது. இரகசியமான கொடுக்கல் வாங்கல் ஒன்றிற்குப் பணம் அனுப்ப வேண்டும் என்றது அது. ஊழியர் உடனே நம்பிவிடவில்லை. இது வஞ்சகமாயிருக்கலாம் என ஐயுற்றார். பின்னர் அவர் காணொளிக் கூட்டமொன்றுக்கு அழைக்கப்பட்டார். நிதி அலுவலரும் தாம் அறிந்த வேறு சிலரும் அங்கே இருக்கக் கண்டார், அவர்களின் குரலைக் கேட்டார், ஐயம் நீங்கினார். 15 தடவைகளில், 5 வங்கிக் கணக்குகளுக்கு, ஏறத்தாழ 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பி வைத்தார். அமெரிக்க நாணயத்தில் இது சுமார் இரண்டரைக் கோடி டொலராகும். அக்கூட்டத்தில் மெய்யான மனிதர் அவர் ஒருவரே என்பது பின்னரே தெரியவந்தது. எஞ்சியோர் அனைவரும், பொதுவிற் கிடைத்த காணொளிகளைக் கொண்டு கணினியால் ஆக்கப்பட்ட உருவங்கள்.

இந்நிகழ்ச்சியைப் படிப்போர் பலர் அவ்வூழியரின் ஏமாளித்தனத்தைக் குறைகூறுவர். அது நியாயமன்று என்பது என் கருத்து. அவர் ஐயுற்றார். ஐயுற்றபின், உலகோர் யாவரும் பரிந்துரைக்கும் சோதனையையே நாடினார். ஆளைக் கண்டு, குரலைக் கேட்டுத் தெளிந்தார். அவர் கையாண்ட அளவைதான் அவரைக் கைவிட்டது. காட்சி, கருதல், உரை எனச் சைவ சித்தாந்த நூல்கள் அளவைகளை வகுக்கும். கண்ணாற் காண்பது காட்சி; நம்பத்தகுந்தவன் சொல்லக் கேட்டறிவது உரை. தொலைவிலிருப்பவரின் முகம் திரையில் தோன்றும்போது நாம் அதனைக் காட்சி என்றே கொண்டோம். உண்மையில் அது உரையே. இன்னார் இங்கே இருக்கிறார் என்று ஒரு பொறி நமக்குக் கூறுகின்றது, அவ்வளவுதான். பொய்யுரைக்கும் வல்லமை அதற்கு இல்லாதிருந்த காலத்தில் இவ்வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தத் தேவையும் இருக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு புதிதாய்க் கொண்டுவந்த தீங்கு எது என்பதை அறிய, அதற்கு முந்திய ஒரு திருட்டை நோக்குதல் நன்று. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்த திருடர், நியூயோர்க்கிலுள்ள பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 கொடுப்பனவுக் கட்டளைகளை அனுப்பினர். கோரப்பட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி அமெரிக்க டொலர். அதில் 8 கோடியே 10 இலட்சம் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலுள்ள நிறுவனம் ஒன்றின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி திரும்பக் கிடைத்தது. அது மீண்ட காரணம் சுவையானது. பெறுநரின் பெயரில் ‘பவுண்டேசன்’ என்றிருக்க வேண்டிய ஆங்கிலச் சொல் ‘பண்டேசன்’ என்று பிழைபட எழுதப்பட்டிருந்தது. இடையிலிருந்த ஜேர்மனிய வங்கி அதனைக் கண்டு விளக்கம் கேட்டது. இங்குள்ள வங்கியிலும், இச்சிறு நாட்டுக்கு இத்துணைப் பெருந்தொகை வருவதேன் என்ற கேள்வி எழுந்தது. திருடன் செய்த எழுத்துப்பிழை காவற்காரனாய் நின்றது என்று கூறின் மிகையாகாது. நீண்டகாலமாக நிறுவனங்கள் தம் ஊழியருக்குக் கற்பித்த எச்சரிக்கையும் இதுவே: மொழி கொச்சையாயிருந்தால் ஐயுறுக.

அக்காவல் இன்று இல்லை. எம்மொழியிலும் பிழையற்ற, அலுவலக மரபு வழுவாத கடிதத்தைக் கணினி நொடிப்பொழுதில் எழுதித் தருகின்றது. (தமிழில் வரும் போலிக் கடிதங்கள் சிலகாலம் நகைப்புக்கிடமாயிருந்து நம்மைக் காத்தன; மொழியின் அருமை தந்த அந்தச் சிறு வேலியும் சரிந்து வருகின்றது.) மூன்று வினாடி ஒலிப்பதிவு கிடைத்தால் ஒருவரின் குரலைப் படியெடுக்கத்தக்க முறையொன்றை மைக்ரோசொப்ட் ஆய்வாளர் 2023 சனவரியில் விவரித்தனர். நிறுவனத் தலைவர்களோ மணிக்கணக்கில் மேடைகளிற் பேசி, அவற்றைத் தாமே வெளியிட்டும் வைத்துள்ளனர்.

போலியைப் பொறி ஆக்குமாயின், பொறியைக் கொண்டே அதனைக் கண்டுபிடிக்கலாகாதா என்று வினவலாம். அம்முயற்சி நடைபெறவே செய்கின்றது, பயனற்றதும் அன்று. டொறொதி டெனிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1987இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், கணினியைப் பயன்படுத்துவோரின் வழமையான நடத்தையைப் புள்ளிவிபரமாக வகுத்து, அதிலிருந்து விலகும் செயலை எச்சரிக்கையாகக் கொள்ளலாம் என்றார். இக்காலக் காவற்பொறிகள் அவ்வெண்ணத்தின் வளர்ச்சியே. யார் எந்நேரம் பணிக்கு வருகிறார், எக்கணக்குக்கு எவ்வளவு அனுப்புகிறார் என்பவற்றைக் கற்று, பழக்கமில்லாத ஐந்து கணக்குகளுக்குப் பெருந்தொகை செல்லும்போது தடுத்து நிறுத்த அவற்றால் இயலும். எனினும் இரண்டு இடர்ப்பாடுகள் உள. ஹொங்கொங்கில் ஊழியர் மெய்யானவர், அவரது கடவுச்சொல் மெய்யானது, கணினியும் அவருடையதே. பொய்யானது ஏவல் மட்டுமே. அந்நியரைத் தேடும் காவலுக்கு அங்கே பிடிக்க எவரும் இல்லை. மற்றையது, காவலும் களவும் ஒன்றையொன்று பயிற்றுவிப்பன. 2014இல் இயன் குட்பெலோவும் அவர்தம் குழுவினரும் அறிமுகம் செய்த முறையில், உருவத்தை ஆக்கும் வலையமைப்பொன்றும் அதனைப் போலியெனக் கண்டறிய முயலும் வலையமைப்பொன்றும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. கள்ளநோட்டு அடிப்பவனுக்கும் காவற்றுறைக்கும் இடையிலான போட்டியாக ஆக்கியோரே அதனை உவமித்தனர். கண்டுபிடிப்பவன் கூர்மையடையுந்தோறும் ஆக்குபவனும் கூர்மையடைந்தான். பின்னர் வேறு முறைகள் வந்துவிட்டன. ஆயினும் இப்போட்டியின் இயல்பு மாறிற்றென்று கூறுவதற்கில்லை.

ஆதலின், இறுதியில் ஊழியரின் ஐயத்தையே நிறுவனங்கள் நாடுகின்றன. ஐயுறுமாறு கட்டளையிடுகின்றன! இங்கேதான் அறவியற் சிக்கல் தோன்றுகின்றது.

இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், திருப்பிக் கொடுக்கும் எண்ணமின்றிக் கடன் வாங்குபவனின் பொய் வாக்குறுதியை ஆராய்வார். அவனது கொள்கை எல்லோருக்கும் விதியாகிவிடின், வாக்குறுதியை நம்புவார் எவரும் இரார். வாக்குறுதி என்பதே பொருளற்றதாகும் என்பது அவர் வாதம். அவர் அதனை எண்ணத்தில் நிகழும் சோதனையாகவே கூறினார். குரலைப் பொறுத்தவரை அச்சோதனை இன்று உலகச் சந்தையில் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. ஒரு போலிக்குரல் அழைப்பினால் ஒரு நிறுவனம் இழப்பது பணம். எஞ்சிய நிறுவனங்கள் இழப்பது தம் மெய்க்குரல்களின் நம்பகத்தை. மெய்யான தலைவர், மெய்யான அவசரத்தில் விடுக்கும் அழைப்பும் இனி ஐயத்துக்குரியதே.

இதற்கு மாற்றாகப் ‘பூச்சிய நம்பிக்கை’ என்னும் கோட்பாடு முன்வைக்கப்படுகின்றது. ஜோன் கிண்டர்வாக் என்பவர் 2010இல் இதனைப் பிரபலப்படுத்தினார். ஐக்கிய அமெரிக்க அரசின் நியமங்களுக்கான நிறுவகம் 2020இல் இதற்கு விரிவான வழிகாட்டி வெளியிட்டது. நிறுவனத்துக்கு உள்ளே இருப்பதனாலேயே எவரையும் எதனையும் நம்பற்க, ஒவ்வொரு முறையும் சோதித்தறிக என்பது இதன் சாரம். திருக்குறளிற் பயின்றோருக்கு இது இடறலாகத் தோன்றும். தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரம், ஆராயாது நம்புதலைக் கண்டிக்கும் அளவுக்கே, ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலையும் கண்டிக்கின்றது. ஒருவனைத் தேர்ந்து பணியில் அமர்த்தியபின் நாள்தோறும் அவனைச் சந்தேகிக்கும் அரசன், வள்ளுவர் கண்ணில் நல்லரசன் அல்லன். அவ்வாறாயின், பூச்சிய நம்பிக்கை ஒரு தீய இல்லறம்போல் தீய நிறுவனத்தையே தோற்றுவிக்குமா?

அவ்வாறன்று என நான் கருதுவதற்குக் காரணம், வங்கிகளில் நெடுங்காலம் வழங்கிய கையொப்ப மாதிரி அட்டையாகும். காசோலை வந்ததும் எழுதுவினைஞர் அட்டையை எடுத்து, கையொப்பத்தை அதனோடு ஒப்புநோக்குவார். ஊரில் எவ்வளவு பெரிய மனிதரின் காசோலையாயினும் அட்டை எடுக்கப்படும். எவரும் அதனை அவமதிப்பாகக் கொண்டதில்லை; ஏனெனில் அது எல்லோருக்கும் செய்யப்பட்டது, செய்தவரும் தம் விருப்பத்தின்படி செய்யவில்லை. அங்கே ஐயத்துக்குள்ளானது காகிதம், அதற்குரியவர் அல்லர். வள்ளுவர் பேசும் ஐயமோ ஆளைப்பற்றியது. தம்முன் நிற்பவர் அவரே என்பதில் அக்கால அரசனுக்கு ஐயமில்லை; அவர் குணத்திலேயே அவன் ஐயுற்றான். இவ்விரண்டையும் கலந்துவிடும் நிறுவனத்தில், மேலாளரைச் சோதித்த ஊழியர் அவரை இழிவுசெய்தவராகக் கருதப்படுவார்.

நடைமுறையில் ஐயம் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. 2024 யூலையில் இத்தாலியின் பெராரி நிறுவனத்து உயரதிகாரி ஒருவருக்கு, அந்நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியின் குரலில், அவருடைய தென்னித்தாலிய உச்சரிப்பு வழுவாது, அழைப்பொன்று வந்தது. இரகசியக் கொள்வனவு பற்றிப் பேச்சு நடந்தது. குரலில் ஏதோ ஒரு செயற்கைத்தன்மையை உணர்ந்த உயரதிகாரி, சில நாட்களுக்கு முன் நீங்கள் எனக்குப் பரிந்துரைத்த நூலின் பெயர் என்ன என்று கேட்டார். அழைப்பு அறுந்தது. நேர்த்தியான சோதனை, உலகெங்கும் மெச்சப்பட்டது. ஆனால் அதனைக் கேட்டவர் தலைவரோடு நூல்களைப் பற்றி உரையாடும் நிலையில் இருப்பவர். எமது அலுவலகங்களில், பணிப்பாளரின் அழைப்பைப் பெறும் கனிட்ட எழுதுவினைஞர், “ஐயா, நீங்கள்தானா என்பதை உறுதிப்படுத்துங்கள்” என்று கேட்பதை எண்ணிப் பாருங்கள். அவருக்கு எவரும் நூல் பரிந்துரைத்ததில்லை. எதிர்க்கேள்வி கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் அவர் நன்கறிவார்.

தாழ்ந்தோர் மட்டுமே இதற்கு ஆட்படுவர் என்பதும் சரியன்று. 2019இல் பிரித்தானிய எரிசக்தி நிறுவனமொன்றின் தலைமை அதிகாரியே, ஜேர்மனியிலுள்ள தாய் நிறுவனத் தலைவரின் குரலென நம்பி 2,20,000 யூரோவை ஹங்கேரியக் கணக்கொன்றுக்கு அனுப்பியதாக, இழப்பீடு வழங்கிய காப்புறுதி நிறுவனம் தெரிவித்தது. ஒருமணி நேரத்துள் அனுப்புமாறு கட்டளை. தமக்கு மேலும் ஒருவர் உளர் என்பதே அவரைப் பணியவைத்தது. வஞ்சகர் ஒவ்வொரு முறையும் அவசரத்தையும் இரகசியத்தையும் கூட்டியே கேட்கின்றனர். இவ்விரண்டும் அவர்கள் புனைந்தவை அல்ல. மேலாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிகள். படியெடுக்கப்பட்டது குரல் மட்டுமன்று, அதிகாரம் பேசும் முறையுமாகும்.

இழப்பை யார் தாங்குவது என்பதிற் சட்டங்களும் ஒருவழிப்பட்டு நிற்கவில்லை. 2023 யூலையில் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம், வாடிக்கையாளர் தாமே தெளிவாகக் கட்டளையிட்டால் அதனை நிறைவேற்றுவதே வங்கியின் கடமை. அது அறிவார்ந்த செயலா என ஆராய்வதன்று எனத் தீர்த்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 7 முதல் அங்கு நடைமுறைக்கு வந்த விதியோ, இவ்வாறு ஏமாற்றப்பட்டவருக்கு 85,000 பவுண் வரை ஈடுசெய்யுமாறும், அச்சுமையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சமமாகப் பகிருமாறும் பணித்தது. தனியாட்களும் மிகச்சிறு நிறுவனங்களும் சிறு அறநிலையங்களும் இதனாற் பயன்பெறுவர். நடுத்தர நிறுவனங்கள் இதில் அடங்கா. அங்கே பழி உள்ளேயே தேடப்படும்; தேடுவோர் அதனை அனுப்புபொத்தானை அழுத்திய விரலிற் கண்டு அமைதியடைவர்.

பொறிகளை வாங்குவதைவிட மலிவான, ஆயின் கடினமான ஒரு காவல் உண்டு. குறித்த தொகைக்கு மேற்பட்ட எந்த ஏவலாயினும், அழைப்பைத் துண்டித்துவிட்டு, பதிவேட்டிலுள்ள இலக்கத்துக்கு ஊழியர் தாமே திரும்ப அழைக்க வேண்டும் என்னும் விதி அது. இன்று பல நிறுவனங்களின் கையேடுகளில் இவ்விதி அச்சாகியுள்ளது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பணிப்பாளரின் குரல் சினந்து ஒலிக்கையில் தொலைபேசியை வைத்துவிடும் எழுதுவினைஞர், திங்கட்கிழமை காலையிலும் அதே மேசையில் இருப்பார் என்னும் உறுதிமொழியைப் பணிப்பாளர் தம் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறாரா என்பதை அக்கையேடுகளிற் தேடிப் பார்க்கலாம்.