வளைந்தது முதுகா, நீதியா?

சிரித்தேன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

பெரம்பலூர் வட்டாரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியனாக இருக்கிறேன். ஆண்டு விழாவிற்காக ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தைச் சுருக்கித் தமிழில் எழுதி, மாணவர்களைக் கொண்டு நடிக்கச் செய்ய முனைந்தேன். உடன்பிறந்தவனை ஒழித்து, அண்ணன் பெற்ற பாலகர் இருவரைக் கோபுரச் சிறையிலே கொல்வித்து, குருதி தோய்ந்த படிகளில் ஏறி மணிமுடி சூடும் மாபாவியின் கதை அது. அந்த மாபாவிக்குக் கவிஞர் கொடுத்த உருவம் என்ன? வளைந்த முதுகு, சூம்பிய கை, நொண்டும் கால்!

ரிச்சர்டாக நடிக்க வந்த மாணவன், "கூனை எப்படி நடித்துக் காட்டுவது, சார்?" என்று கேட்டான். "ஏட்டிலே தேடாதே, நாட்டிலே தேடு. தெருவுக்குப் போ, பார், பழகு" என்றேன். சொல்லிவிட்டு, சொன்னதன் அழகை நானே மெச்சிக்கொண்டேன்.

பையன் கெட்டிக்காரன். ஒரு வாரம் தெருவிலே திரிந்தான். அடுத்த ஒத்திகையில் நடந்து காட்டினான். முழங்காலிலே ஒரு கை. நான்கு அடிக்கு ஒருமுறை நின்று ஒரு பெருமூச்சு. எதிரே வருபவர் முகம் காணக் கழுத்தை மட்டும் தூக்கும் தவிப்பு. அத்தனையும் அச்சு அசல்! கூடம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன், "அபாரம்!" என்று தட்டியும் கொடுத்தேன்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பிலிருந்த மாணவி அவர். எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "சார், அவன் நடந்து காட்டியது எங்கள் அப்பாயியை" என்றார். அவ்வளவுதான். அழவில்லை, புகார் சொல்லவில்லை. புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. பகுத்தறிவு பேசுகிறவன் நான். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று பிள்ளைகளுக்குப் போதிப்பவன். ஆனால் ஓர் ஏழை மூதாட்டியின் முதுகு ஒரு கொலைகாரனின் முத்திரையாக மேடை ஏறியபோது, முதல் வரிசையில் அமர்ந்து சிரித்தேனே! என் அறிவு அப்போது எங்கே போயிருந்தது?

மறுநாள் அந்த மாணவனையும் அழைத்துக்கொண்டு அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போனேன். எங்களைக் கண்டதும் அவர் திண்ணையிலிருந்து எழ முயன்றார். "எழவேண்டாம்" என்று சொல்லி அருகிலேயே தரையில் அமர்ந்தோம். நடந்ததைச் சொன்னோம்; மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

"அது சரி தம்பி, நான் அறுபது வருசமா வெங்காயக் காட்டுல களை எடுத்து வளைஞ்சேன். அந்த ராசா எந்தக் காட்டுல களை எடுத்தாராம்?"

தோழர்களே! நான் கல்லூரியில் படித்த காலத்தில் இந்த நாடகத்தைப் பற்றி எத்தனையோ விரிவுரைகள் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை.

பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தை அறியாதார் இல்லை. அதன் நடவு குனிந்து, களையெடுப்பு குனிந்து, அறுவடை குனிந்து! நம் குழம்பிலே மணக்கும் வெங்காயத்துக்கு ஒரு விலை சந்தையிலே உண்டு. இன்னொரு விலையைப் பெண்களின் முதுகெலும்பு கொடுத்துத் தீர்க்கிறது. குறைந்த உணவும் குனிந்த உழைப்பும் கூடிய உடலில், முதுமையில் எலும்பின் உறுதி குன்றி, முள்ளெலும்புகள் நசுங்கிக் கூன் விழுகிறது. மருத்துவம் சொல்லும் காரணம் இது. சாத்திரம் சொல்லும் காரணமோ வேறு: "முற்பிறப்பிலே செய்த பாவம்!" இப்பிறப்பிலே இவர் முதுகின்மேல் ஏறி வாழ்ந்தவர்களைக் கேள்வி கேட்காமல் காப்பாற்ற, காணாத பிறப்பொன்றைக் கற்பித்துக் காட்டுகிறது கர்மக் கொள்கை.

இந்த இழிவை இங்கிலாந்திலிருந்து நாம் இறக்குமதி செய்யவில்லை. நம் மண்ணிலேயே அது மலிந்து கிடக்கிறது. இராமகாதையில் கைகேயியின் மனத்தைக் கலைக்க ஒருத்தி தேவைப்பட்டாள். அவளுக்குக் கொடுத்த உருவம் கூன்! அவள் பெயரையே மறந்து 'கூனி' என்று அழைக்கிறது நாடு. சிறுவன் இராமன் வில்லில் வைத்து எய்த மண்ணுருண்டை தன் முதுகிலே பட்ட பழைய வடுவை அவள் மறக்கவில்லை என்று கம்பரே குறிக்கிறார். எறிந்தவன் கை விளையாட்டுக் கை. எறிபட்டவள் நெஞ்சு நஞ்சு நெஞ்சு! இதுவா நீதி? முதுகின்மேல் கல்லெறிவதைக் குறும்பு என்போம். எறிபட்டவள் நினைவில் வைத்திருந்தால் அதைக் கொடுமை என்போம். வள்ளுவரோ, உருவத்தைக் கண்டு ஒருவரை இகழலாகாது என்று சொல்லி, பெருந்தேரின் சிறு அச்சாணியைச் சுட்டிக் காட்டினார். அந்த அறிவுரையை மனப்பாடப் போட்டிக்கு வைத்துக்கொண்டு, வாழ்க்கைக்குக் கூனியை வைத்துக்கொண்டோம்.

அம்மையாரின் கேள்வி என்னை விடவில்லை. அந்த அரசன் எப்படி வளைந்தான்? தேடினேன். விடை மண்ணுக்கடியில் இருந்தது.

மண் சாட்சி சொல்லும் என்பது எங்கள் பகுதியினருக்குப் புதிதல்ல. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கடலையே காணாத எங்கள் செம்மண் ஓடைகளில் கடல் உயிர்களின் கல்லோடுகள் கிடைக்கின்றன. இங்கே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது என்பதை எந்தத் தலபுராணமும் சொல்லவில்லை; கல் சொன்னது.

அதுபோலவே ரிச்சர்டின் கதையை எலும்பு சொன்னது. 1485 ஆகஸ்டு 22-இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில், 32-ஆம் வயதில் மாண்ட அவரது எலும்புக்கூடு, 2012-இல் லெஸ்டர் நகரில் வண்டிகள் நிறுத்தும் திடலொன்றின் அடியில் கிடைத்தது. தாய்வழி மரபணுவை ஒப்பிட்டு, 2013 பிப்ரவரியில் அவர்தான் என்று அறிவித்தனர். 2014-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முதுகெலும்பின் ஆய்வு வெளிவந்தது. அது கூன் அன்று; பக்கவாட்டில் 65 முதல் 85 பாகை வரை வளைந்த முதுகெலும்பு. பத்து வயதுக்குப் பிறகு, வளரும் பருவத்தில் தோன்றியிருக்கக் கூடியது. வலத்தோள் சற்றே உயர்ந்திருக்கும்; தக்க உடையணிந்தால் அதுவும் மறைந்துவிடும். கை சூம்பவில்லை. கால் நொண்டவில்லை. அதே போன்ற வளைவுடைய இளைஞர் ஒருவர், உடலுக்கேற்பச் செய்த கவசமணிந்து குதிரையேறிப் போரிடப் பயின்று காட்டினார். மன்னரின் எலும்புகளில் 11 காயங்கள். அவற்றில் 9 தலையில்.

அப்படியானால் சூம்பிய கையும் நொண்டும் காலும் எங்கிருந்து வந்தன? ரிச்சர்டை வீழ்த்தி முடிசூடியவர் ஏழாம் ஹென்றி. ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை எழுதிய 1590-களில் அரியணையில் இருந்த எலிசபெத் அரசியார் அந்த ஹென்றியின் பேத்தி. தோற்றவன் கதையை வென்றவன் வீட்டு விளக்கொளியில்தான் எழுத முடிந்தது. தாமஸ் மோர் இடத்தோள் உயர்ந்தது என்று எழுதினார். எலும்போ வலத்தோள் என்கிறது! பாலகரைக் கொன்றவர் ரிச்சர்டுதானா என்பது வரலாற்றாசிரியர் இன்றும் வழக்காடும் பொருள். ஆனால் ஒன்று தெளிவு. வளைவு உண்மை, வளைவுக்குக் கற்பித்த பொருள் பொய்.

"அப்படியென்றால் நாடகத்தையே விட்டுவிடலாமே, சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "நடிப்புத்தானே, இதிலென்ன குற்றம்?" என்றான் இன்னொருவன். இரண்டும் எளிய வழிகள்; இரண்டும் தவறான வழிகள். நூலை மூடிவிட்டால் இழிவு மறையாது. கலை என்ற போர்வைக்குள் புகுந்துகொண்டால் இழிவு நியாயமாகிவிடாது.

உலக மேடைகளும் இந்தக் கேள்வியோடு போராடியே வந்திருக்கின்றன. 1984-இல் ஆண்டனி ஷேர் என்ற நடிகர், இரண்டு ஊன்றுகோல்களை மேலும் இரண்டு கால்களாக்கிச் சிலந்தியைப் போல் மேடையிலே பாய்ந்தார். அந்த வேடத்துக்காக உடற்குறை உடையோரைத் தேடிச் சென்று கண்டறிந்தார். மக்கள் வியந்தனர். 2022-இலோ, பிறவியிலேயே ஒரு கை மாறுபட்ட ஆர்தர் ஹியூஸ் என்ற நடிகரையே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி ரிச்சர்டாக நிறுத்தியது. பிறர் உடலைக் கடன் வாங்கிய காலத்திலிருந்து, அந்த உடலுக்கு உரியவரே பேசும் காலம்வரை ஒரு பயணம் அது. இங்கேயும் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை ஒதுக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் ஏற்றினார், 2006 முதல் 2011 வரை முதலமைச்சராக இருந்தபோது கலைஞர். சொல் மாறிவிட்டது. சிரிப்பு மாறவேண்டாமா?

நாடகத்தை மீண்டும் படித்தோம். அப்போதுதான் அதுவரை விரைந்து கடந்திருந்த ஒரு காட்சி கண்ணில் பட்டது.

ஆலோசனை மன்றம் கூடியிருக்கிறது. தன் சதிக்கு இசையாத ஹேஸ்டிங்ஸ் பிரபுவை ஒழிக்க வேண்டும் ரிச்சர்டுக்கு. உள்ளே வருகிறான், தன் கையைக் காட்டுகிறான். "பாருங்கள், சூனியம் வைத்து என் கையைச் சூம்ப வைத்துவிட்டார்கள்!" என்று இரு பெண்கள்மேல் பழி சுமத்துகிறான். ஹேஸ்டிங்ஸ், "அவர்கள் அப்படிச் செய்திருந்தால்..." என்று தொடங்குகிறார். 'இருந்தால்' என்ற அந்த ஒரு சொல்லே குற்றமாகிறது! தலையைத் துண்டிக்க ஆணை பிறக்கிறது. மன்றத்திலிருந்த பெரியவர்கள் எழுந்து ரிச்சர்டின் பின்னால் போய்விடுகிறார்கள்.

இங்கேதான் ரிச்சர்டின் தீமை இருக்கிறது. முதுகில் இல்லை; கையிலும் இல்லை. மூடநம்பிக்கையை ஆயுதமாக்கிய பொய்யிலே இருக்கிறது. ஐயம் எழுப்பியவனைக் கொன்ற ஆணவத்திலே இருக்கிறது.

ஒத்திகையை மாற்றினோம். முதுகில் வைத்துக் கட்டிய தலையணையை அவிழ்த்தோம். எலும்பு சொன்னபடி வலத்தோளைச் சற்றே உயர்த்தி நிற்கவும், நடக்கவும், வாள் சுழற்றவும் பயின்றான் மாணவன். முதல் நாள் கால்மணி நேரத்தில் தோள்பட்டை கடுத்தது. "இப்படியே போரும் செய்தாரா, சார்?" என்று வியந்தான். ஒருவரைப் போல் நடப்பதற்கும், ஒருவர் உடலுக்குள் அரைநாள் குடியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது அவனுக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. மன்றக் காட்சிக்கு ஒரு திட்டம் வகுத்தோம். வரும்போது கை நேராகத்தான் இருக்கும். எல்லோர் கண்முன்னும் அதை மடக்கிச் சூம்பவைத்துக் காட்டுவான். தண்டனை விதித்தவுடன், அதே கையை நீட்டி விரைந்து வெளியேறுவான்.

வசனப் புத்தகத்தை அந்த மாணவி மீண்டும் கையில் எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவராகவே வந்தார்.

விழா நாளில் அவருடைய அப்பாயி முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். நான் சிரித்த அதே இடம். அரசனும் அரண்மனையும் ஆங்கிலநாட்டுப் பெயர்களும் அவருக்கு எப்படி விளங்கும் என்று அஞ்சியிருந்தேன். நாடகம் முடிந்ததும் அருகே சென்று, "எப்படி இருந்தது அம்மா?" என்று கேட்டேன்.

கழுத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கை நல்லாத்தான் இருக்குன்னு அங்க ஒக்காந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியுமே தம்பி. ஒருத்தர்கூட வாயைத் தொறக்கலியே!" என்றார்.

ஒத்திகைக் கூடத்தில் குலுங்கிச் சிரித்த அந்தக் கூட்டமும், அதன் நடுவே நானும் என் நினைவுக்கு வந்தோம். அந்த மன்றத்திலே நானும் ஒருவனாக அமர்ந்திருந்தேன் அல்லவா?

இளைஞர்களே, எண்ணிப் பாருங்கள். வெங்காயக் காட்டிலே வளைந்த முதுகு ஒருவரையும் கொன்றதில்லை. ஊருக்குச் சோறு போட்டது. பொய்யென்று தெரிந்தும் வாய்மூடிப் பின்னால் போனார்களே, நிமிர்ந்த முதுகோடு, அவர்களே கூனர்கள்! ஒருவர் உடலைப் பார்த்தால், அது வளைந்த காரணத்தைக் கேளுங்கள். அந்த உடலின்மேல் பழி சுமத்தப்படும்போது, 'இருந்தால்' என்ற ஒரு சொல்லையேனும் துணிந்து சொல்லுங்கள்.