மறைந்த மாமனை நினைத்தல்



நம் உபாசகர் இல்லங்களில் அடிக்கடி எழும் ஒரு வினாவை இன்று எடுத்துக்கொள்வோம். தாய்மாமன் காலமானார். நம்மைத் தோளில் சுமந்தவர். காதணி விழாவில் மடிமேல் இருத்திக்கொண்டவர். ஆனால் நாம் பௌத்தம் தழுவிய நாள்முதல் நம்மைக் கடிந்தே பேசியவர். அவரை எப்படி நினைப்பது? கடிந்ததை மறைத்துப் புகழ்வதா? பழைய சடங்குகளுக்கு அஞ்சி நினைவையே ஒதுக்கிவிடுவதா? இரண்டும் வேண்டா என்பதே நம் கருத்து.

கொல்கத்தாவின் கீழ்ப்புறத்தில் சால்ட் லேக் என்றொரு பகுதி உண்டு. முன்பு அது உவர்ச்சதுப்பு. அங்கு மீன் வளர்த்துப் பிழைத்தோரும் இருந்தனர். (நகரம் எழும்போது அவர்களை யார் நினைக்கிறார்கள்?) ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய்வழியே கொணர்ந்து அந்நிலத்தை மேடாக்கும் வேலை 1962 ஏப்ரலில் தொடங்கிற்று. தொடங்கி வைத்தவர் மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் விதான் சந்திர ராய். மூன்று திங்கள் நிறையுமுன், ஜூலை 1 அன்று, அவர் காலமானார். பிறந்ததும் 1882-ல் அதே ஜூலை 1 தான். பகவான் பிறந்ததும், எண்பதாம் வயதில் பரிநிர்வாணம் எய்தியதும் வைசாகப் பௌர்ணமியிலேயே என்று போற்றும் நமக்கு இச்செய்தி எளிதில் மறவாது. ஒப்புக் கூறுவதற்கன்று, நினைவில் இருத்துவதற்கே சொன்னோம்.

அவர் மணம் புரியவில்லை. முதலமைச்சரான பின்னும் ஏழை நோயாளிகளைக் கட்டணமின்றிப் பார்த்துவந்தார். தம் வீட்டையும், தாயார் அகோர்காமினி தேவியின் பெயரால் மருத்துவ நிலையம் நடத்தக் கொடுத்துவிட்டார்.

அவருடைய தமையனார் மகள் ரேணு சக்கரவர்த்தி. சிற்றப்பனோ காங்கிரஸ்; மகளோ கம்யூனிஸ்ட். அக்கட்சியை 1948-ல் மேற்கு வங்கத்தில் தடை செய்ததே சிற்றப்பனின் ஆட்சிதான்! அவ்வம்மையார் 1952 முதல் 1967 வரை அதே கட்சியின் சார்பில் மக்களவையில் இருந்தார். அவரும் மாறவில்லை, இவரும் மாறவில்லை. சிற்றப்பன் என்பதும் மாறவில்லை. சால்ட் லேக்கிற்குப் பின்னர் விதான்நகர் என்று அவர் பெயரே வழங்கலாயிற்று. சட்டமன்றத்தில் அவரை எதிர்த்து நின்ற ஜோதி பாசு தம் இறுதிக் காலத்தில், 2010-ல் மறையும்வரை, குடியிருந்ததும் அந்நகரிலேயே.

மாமனும் மருமகனும் பற்றிய கதையொன்று தம்மபத உரையிலும் உண்டு. சங்கரக்கிதர் என்னும் இளம்பிக்கு, தேரராகிய தம் தாய்மாமனுக்கு ஓர் ஆடையை அன்போடு நீட்டினார். 'எமக்கு உண்டு, நீயே வைத்துக்கொள்' என்றார் மாமன். பலமுறை வேண்டியும் ஏற்கவில்லை. மனம் நொந்த மருமகன், அவருக்கு விசிறிக்கொண்டே கனவில் ஆழ்ந்தார்: துறவை விடுவோம்; ஆடையை விற்று ஆடு வாங்குவோம்; ஆடு பெருகும்; மனைவி வருவாள்; மகன் பிறப்பான்; மகனுக்கு மாமன் பெயரையே இடுவோம்; வண்டியேறி மாமனைக் காணச் செல்வோம். கனவில் மனைவி குழந்தையை வண்டிச் சக்கரத்தருகே நழுவவிட்டாள். சினந்து தார்க்கோலை ஓங்கினார். விழுந்ததோ விசிறியின் அடி, மாமன் தலையில்!

கிழவர் அவர் உள்ளத்தை அறிந்துகொண்டார். 'பெண்ணை அடிக்க இயலாமற் போயிற்று. இக்கிழவன் செய்த குற்றம் என்ன?' என்று மட்டும் கேட்டார். நாணி ஓடிய மருமகனைப் பிடித்துப் பகவானிடம் கொண்டுசேர்த்தனர். அவரும் தம்மம் கேட்டுத் தெளிந்தார். நாம் வியப்பது வேறொன்று. மாமனை விட்டோடும் கனவிலும், பிள்ளைக்கு மாமன் பெயரையே வைக்கிறார். மாமனைப் பார்க்கவே வண்டி பூட்டுகிறார்!

ஆகவே, நினைவுநாளில் பிக்குகளுக்கும் ஏழைகளுக்கும் அன்னம் அளித்து, அப்புண்ணியத்தை மாமன் பெயருக்கு உரிமையாக்குங்கள். அழுகை மறைந்தோரை எட்டாது, தானமே எட்டும் என்பது திரோகுட்ட சுத்தம் கூறும் நெறி. அவர் நம் தம்மத்தை ஏற்காதவராயினும் தடையில்லை. பிள்ளைகளை அருகில் இருத்தி அவர் செய்த நன்மைகளைச் சொல்லுங்கள். நம்மைக் கடிந்ததையும் மறைக்காது சொல்லுங்கள். பந்தி முடிந்தபின், அவர் வழக்கமாய் அமரும் திண்ணையில் சற்றே அமர்ந்திருங்கள்.