மரபுரிமையும் பிரசாவுரிமையும்

கொத்மலைத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்த பிள்ளையிடம் 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வினவியது இதுவே: உன் தந்தை இந்நாட்டிற் பிறந்தவரா? இல்லையெனின், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர்களா? அதே மலையிற் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே மடிந்த தாய் கணக்கில் வரவில்லை. மணவுறவுக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்கு மட்டுமே சட்டம் தாய்வழியை நோக்கிற்று. முறைப்படி மணந்துகொண்டமையே தாயின் சாட்சியத்தைச் செல்லாததாக்கிய விந்தை இது!

வித்து தந்தையுடையது, தாய் விளைநிலம் மாத்திரமே என்னும் பழைய எண்ணம் இச்சட்டத்தின் அடியிலே கிடப்பதாகத் தோன்றுகிறது. மரபணுவியல் அதற்கு இடந்தரவில்லை. ஒடுக்கற்பிரிவின்போது சோடி நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பாட்டன் பாட்டியரின் கூறுகள் கலந்து பேரப்பிள்ளையை அடைவது இவ்வாறே. ஐசுலாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிடப்பட்ட மரபணு வரைபடம், இப்பரிமாற்றம் தந்தையரிலும் பார்க்கத் தாயரிடத்து ஒன்றரை மடங்குக்கு மேல் நிகழ்வதைக் காட்டிற்று.

அது நிகழும் காலமோ இன்னும் வியப்புக்குரியது. ஆணிடத்துப் பூப்பின் பின்னரே இது தொடங்குகிறது. பெண்ணிடத்தோ, அவள் தன் தாயின் வயிற்றிலிருக்கும்போதே துண்டுகள் மாறிவிடுகின்றன. பிரிவின் எஞ்சிய பகுதி மாத்திரம் பல்லாண்டு காத்திருக்கிறது. ஆகவே கொத்மலைப் பிள்ளைக்குத் தாய்வழி வந்த கலப்பு, அதன் பாட்டி நிறைசூலியாய்க் கூடை சுமந்து சரிவுகளில் ஏறியிறங்கிய மாதங்களிலேயே நடந்துவிட்டது. அப்பாட்டி எங்கே பிறந்தாள் என்று எவரும் கேட்கவில்லை.

எனின், தாய்வழி உரிமைக்கு இதுவே ஆதாரமாகுமா? அவ்வாறு வாதிடும் ஆசை எனக்கும் இருந்ததுண்டு. அது பிழையென்றே இப்போது கருதுகிறேன். பரிமாற்றம் தாயரிடத்துக் குறைவென்று கண்டிருந்தால் அவர்களின் உரிமையையும் குறைத்திருப்போமா? மிகினும் குறையினும் இருவரும் தருவது 23 நிறமூர்த்தங்களே. அன்றியும், குருதிவழி கொண்டு உரிமையை அளந்ததே அச்சட்டத்தின் குற்றம். தந்தையின் குருதிக்குப் பதிலாகத் தாயின் குருதியை வைத்தால் அக்குற்றம் நீங்காது. இயற்கையே தந்தைவழியை விதித்ததென்னும் சாக்கை அறிவியல் அகற்றித் தரலாம். அதற்குமேல் அதனிடம் கேட்பது முறையன்று. உரிமையின் நியாயம் அம்மக்கள் அங்கு வாழ்ந்த வாழ்விலும் உழைப்பிலும் இருக்கிறது.

தாய்வழியாகவும் பிரசாவுரிமை வருமென்பதை 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இந்தியாவுக்கென ஒதுக்கிய 525,000 பேரிற் பெருந்தொகையினர் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டனர்.