கருவியின் நேர்மை

பாடசாலை மரவேலைக் கூடத்தில் மாணவர் கையில் மின்கருவியைக் கொடுக்கலாமா, கொடுப்பதாயின் எத்தகையதைக் கொடுப்பது என்ற வினா, முதல் நோக்கிற் செலவையும் பாதுகாப்பையும் பற்றிய நிருவாக வினாவாகவே தோன்றும். ஆயின், சற்று ஆழ்ந்து நோக்குவோமாயின் அதனுள் ஓர் ஒழுக்கவியல் வினா அடங்கியிருத்தல் புலனாகும். கற்பவனுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது யாது? வினைசெயல்வகை கூறவந்த வள்ளுவர், செயலைத் தொடங்குமுன் எண்ணவேண்டிய ஐந்தனுள் கருவியையும் ஒன்றாக வைத்தார். நாமோ பெரும்பாலும் அதனை இறுதியிலேயே எண்ணுகின்றோம்.

நான் கற்ற பாடசாலையின் மரவேலைக் கூடத்தில் மலிவான வட்டவாள் ஒன்று இருந்தது. பலகையை அணைத்துத் தள்ளுதற்குரிய வழிகாட்டிச் சட்டம் இறுக்கிய பின்னும் அசையும். அதில் அறுத்த மரம் இரு முனையிலும் ஒரே அகலமாக அமைவது அரிது. தவணை இறுதியில் நான் செய்த சிறு வாங்கு நான்கு காலும் நிலத்திற் படாது ஆடிற்று, புள்ளிகள் குறைந்தன. பிழை வாளினது என்றேன் நான். உன்னுடையது என்றார் ஆசிரியர். இருவருள் எவராலும் தம் கூற்றை நிறுவ முடியவில்லை. விடுமுறையில் அயலிலுள்ள தச்சுப்பட்டறையிற் செம்மையான வாளொன்றில் மரத்தை அறுத்து இன்னொரு வாங்கு செய்தேன். மரம் மயிரிழையும் பிசகவில்லை. வாங்கு அப்பொழுதும் ஆடிற்று. பொருத்துகளைக் குறிக்கும்போது மூலைமட்டத்தை எப்பொழுதும் ஒரே முகத்தில் வைக்கவேண்டும் என்ற முதற்பாடத்தை நான் கைக்கொள்ளவில்லை என்பது அன்றுதான் தெளிவாயிற்று.

அன்று அடைந்த வெட்கத்தை இன்று பேறாகவே கருதுகின்றேன். தன் பிழை தன்னுடையதே என ஐயமின்றி அறிதல் ஒழுக்கக் கல்வியின் தொடக்கமாகும். செம்மையற்ற கருவி இவ்வறிவை இருவழியிற் கெடுக்கின்றது. கவனமாக உழைத்தவன்மீது அவன் செய்யாத குற்றத்தைச் சுமத்துகின்றது. கவனமின்றி உழைத்தவனுக்கு ஒளிந்துகொள்ள இடமளிக்கின்றது. இரசாயன ஆய்வுகூடத்திற் பிழையான தராசைக் கொடுத்துவிட்டு மாணவரின் பெறுபேற்றுக்குப் புள்ளியிட எவரும் துணியார். மரவேலைக் கூடத்தில் மட்டும் அதனைப் பொறுத்துக்கொள்வதேன்? கைத்தொழில் ‘படிப்பு ஏறாதவர்க்கு’ உரியது என்னும் நமது பழைய எண்ணமன்றி வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மின்வாள் விரலைத் துண்டிக்க வல்லது. அதனை இளையோர் கையிற் கொடுப்பது பொறுப்பின்மை என்பர் சிலர். இவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், ஆபத்து விசையில் மட்டும் தங்கியதன்று. வழிகாட்டிச் சட்டம் வாளலகுக்குச் சமாந்தரமாக நில்லாவிடின், மரம் அலகின் பின்புறத்தில் நெருக்குண்டு தள்ளுபவனை நோக்கியே எறியப்படலாம். அறுத்த பிளவு மூடாது காக்கும் தகடும், அலகின் மேல்மூடியும் செம்மையாகப் பொருந்தியிருத்தல் தரத்தின் இலக்கணமாகும். பௌதிகவியல் கற்ற அமெரிக்கரான ஸ்டீவ் காஸ், உடல் பட்டவுடன் அலகை ஏறத்தாழ 5 மில்லிசெக்கனில் நிறுத்தும் அமைப்பொன்றை 1999 இல் உருவாக்கினார். விரல் துண்டாகக்கூடிய இடத்திற் பெரும்பாலும் சிறு காயத்துடன் போகின்றது. இத்தகைய வாள் விலை கூடியதுதான். ஆனால், மலிவானதை வாங்கிப் பணத்தை மிச்சம்பிடிப்போர், அம்மிச்சத்துக்கு எதனை ஈடுவைக்கின்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

பொறி வந்தாற் பொறுமை போய்விடும் என்பது மற்றொரு வாதம். சுவீடனின் நேஸ் என்னுமிடத்தில் 1870களிலிருந்து ஆசிரியர்க்குக் கைவேலைப் பயிற்சியளித்த ஒட்டோ சலமன், சிறுவர்க்கு முதற்கருவியாக வகுத்தது கத்தியாகும். செய்யப்படும் பொருளிலும் செய்யும் பிள்ளையின் வளர்ச்சியே அவருக்கு முதன்மையானது. கூரிய கருவியைக் கொடுத்தே பொறுப்பைக் கற்பிக்கலாம் என்ற இவ்வுண்மை மின்கருவிக்கும் பொருந்தும். எனினும் முறை தவறலாகாது. உளியும் சீவுளியும் பிடித்து மரத்தின் நாரோட்டத்தை உணராத கைக்கு மின்வாள் உரியதன்று. கை கற்றதை விரிவாக்குவதே பொறியின் பணி. கை கற்கவேண்டியதைப் பறிப்பதன்று.

வறிய பாடசாலைகள் என் செய்யும் எனக் கேட்கலாம். மலிந்த பொறிகள் பத்தினும் செம்மையானவை இரண்டு மேலானவை. அவையும் இயலாவிடின் நன்கு தீட்டிய கைவாள் போதும். கூர்மையான கைவாள் கோணலான மின்வாளினும் நேர்மையானது. வரிசையிற் காத்துநிற்கும் மாணவன் சிறிது காலத்தை இழப்பான். தன் உழைப்பு நீதியாக மதிப்பிடப்படும் என்ற நம்பிக்கையை இழக்கமாட்டான்.

நான் செய்த இரண்டாவது வாங்கு இன்றும் எங்கள் வீட்டு விறாந்தையில் உண்டு. ஒரு காலின் கீழ் மரத்துண்டொன்றை வைத்திருக்கின்றோம். அதனைக் காணுந்தோறும் அது என் பிழை என்பதை அறிவேன். அவ்வாறு ஐயமற அறியும் உரிமையை ஒவ்வொரு மாணவனுக்கும் வழங்குதல் பாடசாலையின் கடனாகும்.