இரண்டாவது ஆள்

நவம்பர் வந்தால் அந்தமான் தலைநகரின் லம்பா லைனில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கடிகாரத்தில் மெயின்லேண்ட் நேரம், வானத்தில் எங்கள் நேரம். ஆபீஸ் விட்டு வந்தால் குவாட்டர்ஸ் மாடிப்படியில் விளக்கு இருக்காது. பல்பு போட்டால் நாலு நாளில் யாரோ கழற்றிக்கொண்டு போகிறார்கள். மொத்தம் நாற்பத்தெட்டுப் படி. எண்ணிக்கொண்டே ஏறுவேன்.

ஒருநாள் இரண்டாவது திருப்பத்தில் ஓர் உருவம். நான் நின்றேன். அதுவும் அசையவில்லை.

"கௌன்?"

பதில் இல்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். பிறகு ஒரு சின்னக் குரல்: "ஆன்ட்டி, நான்தான்." எதிர்வீட்டுப் பையன், பன்னிரண்டு வயது. டியூஷனுக்குக் கிளம்பியவன், என் செருப்புச் சத்தம் கேட்டுச் சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறான்.

பிருகதாரண்யக உபநிடதத்தில் ஓர் இடம் உண்டு. ஆதியில் தனியாக இருந்த புருஷனுக்குப் பயம் வந்ததாம். என்னையன்றி யாருமில்லையே, எதற்குப் பயம் என்று யோசித்ததும் விலகிவிட்டதாம். இரண்டாவது ஒன்று இருந்தால்தானே பயம்? பகலில் இதை ஒப்புக்கொள்வேன். இருட்டில் அந்த இரண்டாவது மூச்சு விடுகிறதே! ஆனால் எதிர்வீட்டுப் பையனுக்கு அந்த இரண்டாவது ஆள் நான்தான் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

1858-ல் கைதிகளை இறக்கித் தொடங்கிய ஊர் இது. 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில் ஒரு வரிசையின் முன்பக்கம் அடுத்த வரிசையின் முதுகைத்தான் பார்க்கும். கைதிக்குக் கைதி முகம் தெரியக்கூடாது என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். எங்கள் படிக்கட்டில் ஒரு பல்பு இல்லாததே அதே வேலையைச் செய்துவிடுகிறது. கீழ்வீட்டம்மா லோக்கல் பார்ன், அதாவது அந்தக் கைதிகளின் வம்சம். கொலைக்காக வந்தவர்களும் பின்னாளில் இங்கேயே கல்யாணம் செய்து, அடுத்தடுத்த வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள் என்பார். கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்.

நடராஜரின் அபயக் கையைப் பார்த்திருப்பீர்கள். பயப்படாதே என்று காட்டும் அதே கையில்தான் பாம்பு சுற்றியிருக்கும். பாம்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை. துறவு ஏற்பவரும், என்னால் எந்த உயிருக்கும் பயம் வேண்டாம் என்றுதான் உறுதி சொல்கிறார். அபயம் நாம் கேட்டு வாங்குவது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இப்போது சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே ஏறுகிறேன். பையன் மேலிருந்து ஏதோ சினிமாப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடியபடி இறங்குகிறான். பாட்டு கேட்காத நாட்களில் இன்னும் கீழேயே கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்கிறேன்.